காங்கேசன்துறையில் ஒரு பகல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ கப்பல்ல டூர் போயிட்டு வந்தியாமே, அதைப் பத்திப் பேசு. மத்தவங்க எல்லாம் தொழில், முன்னேற்றம்னு பேசறாங்க. நீயாவது கொஞ்சம் கலகலப்பாப் பேசு" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். குறிப்பு எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என்னிடம் இருக்கிற கலகலப்பு பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று. ஆகவே அதை முதலில் முடித்துவிடுகிறேன். மீதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் விட்டார்கள். 'எம்ப்ரஸ்' என்று பெயர். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்களுக்குப் போகும். நான் ஜூலையில் என் மனைவி, மகள், அம்மா மூவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஜெகதாப்பட்டினத்தில் கடல்காரர் வீட்டில் பிறந்து, கடல்காரருக்கே வாழ்க்கைப்பட்டவர். ஆனால் அதுவரை ஒரு நாளும் கடலில் போனதில்லை. எங்கள் பக்கம் பெண்கள் கரையோடு சரி. மீன் வந்தபிறகுதான் அவர்களுக்கு வேலை.

பாஸ்போர்ட் வந்து, டிக்கெட் எடுத்து, எந்தெந்த ஊர் என்று வாசித்துக் காட்டினேன். முதல் இரண்டு பெயருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், மூன்றாவது பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காங்கேசன்துறையா? அங்க பிடிச்சிக்கிட்டுல்ல போவாங்க! காசு குடுத்தா போறது?" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் ஊரில் அது சிரிப்பு இல்லை. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பையன்களைக் கேளுங்கள். நல்லூர்க் கோயில் தெரியாது, யாழ்ப்பாண நூலகம் தெரியாது. யாழ்ப்பாணச் சிறை தெரியும். ஊர்காவற்றுறைக் கோர்ட், பருத்தித்துறைக் கோர்ட் தெரியும். மயிலிட்டி தெரியும். எல்லாம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது. அண்ணனோ மாமனோ போய்விட்டு வந்து சொல்லித் தெரிந்துகொண்டது.

கப்பல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்சில் கட்டியது, 1990-ல் ஓடத் தொடங்கியது. இருநூறு மீட்டருக்கு மேல் நீளம். காலையிலிருந்து நள்ளிரவு வரை எங்கேயாவது ஓரிடத்தில் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நம் விடுதி மெஸ்ஸில் நாலு வருடம் சாம்பாரில் காய் தேடியவனுக்கு இது எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். முதல் நாள் இரண்டு தட்டு, இரண்டாம் நாள் வயிற்று வலி. அம்மா ஒரு நாள் மீன் வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டு, "கடல்ல இருந்துக்கிட்டே மீனை இப்படிக் கெடுக்கிறாங்களே" என்று தட்டைத் தள்ளிவிட்டார். நான் எஞ்சின் அறையைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். மெக்கானிக்கல் படித்தவனுக்குக் கப்பலில் அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கலகலப்பு இத்தோடு முடிந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. எங்கள் ஊர் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் நேர்கோட்டில் காங்கேசன்துறை ஏறக்குறைய 50 கடல் மைல். விசைப்படகில் ஒரு இரவுப் பயணம்கூட முழுதாக ஆகாது. நான் என்ன செய்தேன்? ஜெகதாப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாக ஒரு இரவு முழுக்க பஸ்ஸில் சென்னை போனேன். அங்கே திங்கட்கிழமை கப்பல் ஏறி, இலங்கையின் தென்கோடி வரை இறங்கி, கிழக்குப் பக்கமாக மேலே ஏறி, வெள்ளிக்கிழமை காலை காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிப் போன கதைதான். (அந்த வருடம் அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள். நிறுத்தி, மறுபடி 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். நான் போனபோது அது இல்லை.)

பெரிய துறைமுகம் என்று நினைத்துப் போகாதீர்கள். சண்டைக் காலத்தில் அங்கே மூழ்கிய கப்பல்கள் அடியில் கிடந்து, போர் முடிந்த பிறகு இந்தியா செலவு செய்து அந்த உடைசல்களை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறது. கரையில் இறங்கியதும் கண்ணில் படுவது பழைய சிமெண்ட் ஆலை. 1950-ல் தொடங்கி, இலங்கைக்கே சிமெண்ட் கொடுத்த ஆலை. 1990-ல் நின்றது, நின்றதுதான். துருப்பிடித்த இரும்பும் உயரமான வெற்றுக் கட்டிடங்களும் நிற்கின்றன. அந்த வருடம் ஜூன் மாதம் சண்டை மூண்டபோது வலிகாமம் வடக்குப் பகுதியில் ஊர் ஊராக மக்கள் வெளியேறினார்கள். பிறகு அந்த நிலம் முழுக்க உயர் பாதுகாப்பு வலயம். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பலரால் தங்கள் வீட்டைப் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. நிலத்தைத் துண்டு துண்டாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். எங்களை ஏற்றி வந்த கப்பலும் 1990-ல்தான் ஓடத் தொடங்கியது என்று முன்பே சொன்னேன். அது எங்கோ வெளிநாட்டில் முதல் பயணிகளை ஏற்றிய வருடத்தில் இங்கே ஊரே காலியாகியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காங்கேசன்துறை என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கு முருகன் சிலை நம் பக்கத்திலிருந்து படகில் வந்து இறங்கிய துறையாம் அது. காங்கேயன் இறங்கிய துறை, காங்கேசன்துறை. ஐதீகம்தான். ஆனாலும் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "சாமியே இங்கேருந்து படகுலதான் போயிருக்கு. சாமியை யாரும் பிடிக்கல" என்றார்.

சுற்றுலா பஸ் கீரிமலை, நல்லூர், நூலகம் என்று ஒரு வட்டம் அடிக்கும். என் மனைவியும் மகளும் அதில் போனார்கள். அம்மா கீரிமலை மட்டும் போதும் என்றார். கீரிமலைக் கேணியைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கடலுக்கும் கேணிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் உப்பு அலை, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊற்று. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல் பூமி; ஓடுகிற ஆறு கிடையாது. பெய்கிற மழை கல்லின் இடுக்கு வழியே உள்ளே இறங்கி, கடலோரமாக வந்து வெளியே வருகிறது. அந்தச் சுண்ணாம்புக் கல்தான் சிமெண்ட் ஆலைக்கும் மூலப்பொருள். கண்மாயை நம்பி வாழ்கிற புதுக்கோட்டைக்காரனுக்கு, கடற்கரையில் தானாக ஊறுகிற நல்ல தண்ணீரைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். ஆடி அமாவாசைக்கு அங்கே ஏகக் கூட்டம் கூடுமாம். அம்மா அப்பாவை நினைத்துக் காலை நனைத்துக்கொண்டார்.

கேணியிலிருந்து வெளியே வந்ததும் அம்மா ஆட்டோக்காரரிடம் நேராகக் கேட்டுவிட்டார்: "தம்பி, மயிலிட்டிக்குப் போகலாமா?" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அங்க பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை அண்ணை. மீன்பிடித் துறைமுகம்தான். உங்கட நாட்டு ரோலர்களைக் கட்டி வச்சிருக்கினம்" என்றார். "அதைத்தான் பார்க்கணும்" என்றார் அம்மா.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் ஒரு விசைப்படகு இருந்தது. அவர் காலமான பிறகு அதைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தோம். சில வருடம் கழித்து, எல்லை தாண்டியதாக அது பிடிபட்டது. ஆட்கள் ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்கள். படகு வரவில்லை. 2018-க்குப் பிறகு அந்த நாட்டுச் சட்டம் இறுகிவிட்டது. படகு வேண்டுமென்றால் உரிமையாளர் அங்கே போய்க் கோர்ட்டில் நிற்க வேண்டும். சித்தப்பா போகவில்லை. இதற்கிடையில் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, கடன் வாங்கி வேறு படகு எடுத்திருந்தான். அதற்குக் கூடுதல் குதிரைசக்தியில் எஞ்சின் மாற்ற வேண்டும், அண்ணன் பாங்கில் ஜாமீன் கையெழுத்துப் போடணும் என்று கேட்டிருந்தான். கப்பலில் இருந்து வந்ததும் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பேப்பர்கள் என் மேசையில் இருந்தன.

மயிலிட்டி காங்கேசன்துறைக்குக் கிழக்கே கொஞ்ச தூரம்தான். அதுவும் 1990-லிருந்து அடைத்து வைத்திருந்த ஊர். 2017 ஜூலையில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். புதிதாகக் கட்டிய துறை. ஒரு பக்கம் சின்னச் சின்ன ஃபைபர் படகுகள். இன்னொரு பக்கம், கிட்டப் போகப் போக, நம்மூர் விசைப்படகுகள். பெயிண்ட் உரிந்து, பலகை வெளுத்து, ஒன்று பாதி முழுகி. முன்பக்கத்தில் எழுத்து இன்னும் தெரிகிறது. ஐஎன்டி, டிஎன், 10 என்றால் ராமநாதபுரம். 06 என்றால் நாகப்பட்டினம். 08 என்றால் நாம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து நம் மாவட்டத்து நம்பரைப் பார்ப்பது ஒரு மாதிரி இருக்கும். துபாயில் பார்த்தால் கை தட்டுவோம். இங்கே வாயடைத்துப் போய் நின்றேன்.

அம்மா ஒவ்வொரு 08-ஆகப் படித்துக்கொண்டே நடந்தார். அப்பா படகின் நம்பர் அவருக்கு மனப்பாடம். அது அங்கே இல்லை. வேறு துறையில் இருக்கலாம். ஏலத்தில் போயிருக்கலாம்; 2022 பிப்ரவரியில் காரைநகர் உள்ளிட்ட இடங்களில் நூறுக்கும் மேற்பட்ட நம் படகுகளை ஏலம் விட்டார்கள். விறகாகப் போயிருக்கலாம். அம்மா கடைசிப் படகு வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கரையில் ஒரு நிழலில் ஒரு பெண் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். அம்மாவுக்கு வலையைக் கண்டால் கை சும்மா இருக்காது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் கையைப் பார்த்தே கண்டுகொண்டுவிட்டார். "நீங்களும் கடல் தொழில் ஆக்களோ?" என்றார்.

பேச்சு வலை விலையில் தொடங்கியது. நண்டு என்ன விலை, ஐஸ் என்ன விலை, மண்ணெண்ணெய் என்ன விலை. இலங்கையில் முந்தின வருடம் ஏற்பட்ட நெருக்கடியில் எல்லாமே எட்டாத உயரத்துக்குப் போயிருந்தன. 1990-ல் அவருக்கு எட்டு வயதாம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனதுதான். அகதி முகாம், சொந்தக்காரர் வீடு, மறுபடி முகாம் என்று இருபத்தேழு வருடம். "வந்து பாத்தா வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது" என்றார். பிறகு வலையின் ஒரு இடத்தை விரித்துக் காட்டினார். கையகலம் இல்லை, ஆள் புகுந்து போகிற அளவு ஓட்டை. "இது போன கிழமை. ரோலர் இழுத்தது. உங்கட ஆக்கள்தான். அவை வாற நாளில நாங்கள் கடலுக்கு வலை விடுறதில்லை. விட்டால் காலமை கயிறுதான் மிச்சம்."

இந்த இடத்தில் மெக்கானிக்கல் மாணவர்களுக்காக ஒரு நிமிடம். இழுவை மடி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்தச் சண்டை புரியும். பை மாதிரி ஒரு வலை. அதன் வாயைத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. படகு இழுக்க இழுக்க, தண்ணீர் பலகையைத் தள்ளி வாயை அகல விரிக்கும். கீழ்க்கயிற்றில் எடை கட்டியிருப்பதால் அது தரையோடு தரையாக உரசிக்கொண்டு போகும். இறால் தரையில்தானே இருக்கிறது! இறாலோடு குஞ்சு, புல், சிப்பி, எல்லாம் வரும். நான் சின்ன வயதில் அந்தக் குவியலில் கால் வைத்து விளையாடியிருக்கிறேன். முக்கால்வாசி கருவாட்டுக்கும் கோழித்தீவனத்துக்கும்தான் போகும். அவர்கள் போடுவது நின்ற இடத்தில் நிற்கிற செவுள் வலை. மாலையில் விட்டு விடியற்காலையில் எடுப்பார்கள். இருட்டில் மடி இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு அந்த வலை தெரியாது. தெரிந்தாலும் நிறுத்த முடியாது. இரண்டும் ஒரே தரையில் ஒரே இரவில் இருக்கவே முடியாது. இதற்கு நல்லவன் கெட்டவன் வேண்டாம், இயந்திரவியல் போதும்.

இது நம் கரைக்கும் பொருந்தும். அதனால்தானே நம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று வைத்திருக்கிறோம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து எல்லைக்கோடு சுமார் 20 கடல் மைல். 1974-ல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த கோடு அது. மூன்றுக்கும் இருபதுக்கும் நடுவில் இருக்கிற தரையை எத்தனை வருடம், எத்தனை படகு இழுத்திருக்கும்? அங்கே இனி ஒன்றும் இல்லை. ஆகவே அந்தப் பக்கம் போகிறார்கள். இலங்கை 2017-ல் தன் கடலில் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் இல்லை. பேப்பரில் படிக்கிறதுதான். 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை அவர்கள் நம் இழுவைப் படகுகளுக்கு எதிராகக் கடலில் படகுப் பேரணி நடத்தினார்கள். அதற்கு அடுத்த நாளே கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கி, நம் பையன் ஒருவன் இறந்துபோனான். ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. நானும் சென்னையிலிருந்து போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அந்தப் பக்கம் யார் எதற்காகப் படகில் ஏறினார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே சேதி என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த அம்மாள் என்னைக் காட்டி, "மகன் என்ன செய்யிறார்?" என்றார். எஞ்சினியர் என்றார் அம்மா. "கடல்காரப் பிள்ளை எஞ்சினியரோ! நல்லம்" என்றார். உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னார். "என்ர மூத்தவன் ஏ எல் எழுதினவன். பிறகு கடலுக்கு வந்திட்டான். என்ன செய்யிறது?" எந்த வருடம் படித்தீர்கள் தம்பி என்று என்னைக் கேட்டார். 2005-லிருந்து 2009 வரை என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே அந்த வருடங்கள் காதில் விழுந்தன. 2005-லிருந்து 2009. அவர்கள் கடைசிச் சண்டைக்குள் இருந்த வருடங்கள். யாழ்ப்பாணத்துக்கான பாதை அடைபட்ட வருடங்கள். கடலுக்குப் போக பாஸ், போகிற நேரத்துக்குக் கட்டுப்பாடு, பல இடங்களில் போகவே தடை. வலையெல்லாம் கரையில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வருடங்களை எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? "நல்ல பாடு கிடைச்ச வருஷம்" என்பார்கள். பாடு என்றால் எங்கள் பேச்சில் மீன் கிடைப்பது. ஒவ்வொரு செமஸ்டர் பீஸும் அப்பா நாள் தவறாமல் கொண்டுவந்து கட்டினார். இந்தக் கல்லூரி அலுவலக ஜன்னலில், மஞ்சள் பையில், ரப்பர் பேண்ட் போட்ட நூறு ரூபாய்க் கட்டு. மீன் வாசனை வரும். எண்ணுகிறவர் முகத்தைச் சுளிப்பார் என்று நான் தள்ளி நிற்பேன். அந்தக் கட்டு எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஊரே போனது, அவரும் போனார். போகிற வழியில் சுடப்பட்டவர்களும் உண்டு. அவர் உயிரைப் பணயம் வைத்துத்தான் போனார். அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

அந்த அம்மாள் கேட்டார்: "உங்கட வீட்டிலயும் ரோலர் இருந்ததோ?"

நான் ஏதோ சொல்லி மழுப்ப வாய் திறந்தேன். "அப்பல்லாம் எல்லாருமே..." என்று ஆரம்பித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அம்மா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் சிக்கெடுத்தார்கள். பிறகு அவர் எழுந்து, "இருங்கோ அம்மா, தேத்தண்ணி கொண்டாறன்" என்று போனார். பால் இல்லாத இஞ்சித் தேத்தண்ணி. சீனி தட்டுப்பாடாக இருந்த நேரம். எங்கள் தம்ளரில் சீனி தூக்கலாகவே இருந்தது. குடித்து முடிக்கிற வரை அம்மா அந்த ஓட்டையின் ஒரு ஓரத்தைப் பின்னிக்கொண்டிருந்தார். முழுதும் முடியவில்லை. ஆட்டோக்காரர் கப்பலுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். நான் கிளம்பும்போது பையில் இருந்த பணத்தை எடுத்தேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றார். உள்ளே வைத்துவிட்டேன். இப்போது யோசித்தாலும் கொடுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்று எனக்குத் தெளிவில்லை.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தம்பி கையெழுத்துக்கு வந்தான். நான் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, ஆழ்கடல் திட்டம் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். 2017-ல் வந்த திட்டம். இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டுச் சூரை பிடிக்கிற தூண்டில் படகுக்கு மாறினால் மத்திய அரசு பாதி, மாநில அரசு இருபது சதம் கொடுக்கும். மீதி கடனும் கைக்காசும். மூன்று வருடத்தில் 2,000 படகு என்று சொன்னார்கள். மாறினவர்கள் மிகச் சிலர்தான். தம்பி பொறுமையாகக் கேட்டான். "அண்ணே, சூரைக்குப் போனா வாரக்கணக்கா கடல்ல கிடக்கணும். நாங்க ராத்திரி போயி காலைல வர்ற ஆளுங்க. அந்தப் படகை நிறுத்த நம்ம கரையில ஆழமும் இல்ல. படகு வாங்க மானியம் குடுக்கிறாங்க, அதை ஓட்டக் கத்துக் குடுக்கிறது யாரு? நீங்க குடுப்பீங்களா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. நான் எஞ்சினியர்தான். பாக் கடலைத் தாண்டி ஒரு தூண்டில் படகை ஓட்டத் தெரிந்த எஞ்சினியர் இல்லை.

கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "எஞ்சினுக்குக் கையெழுத்துப் போடு. மடிக்குப் போடாத." மடி இல்லாமல் எஞ்சினை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. நான் போடவில்லை. நாலு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவன் வேறு இடத்தில் ஜாமீன் பிடித்து எஞ்சின் மாற்றிவிட்டான். இப்போது பேசுகிறோம். படகைப் பற்றிப் பேசுவதில்லை. அவனுக்குக் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு மகன் இருக்கிறான். இந்த வருடம் இங்கேதான் சேர்ந்திருக்கிறான். பீஸை நான் கட்டுகிறேன் என்று சொன்னேன். "வேண்டாம்ணே, பாடு பரவாயில்ல" என்றான்.

இங்கே மாணவர்களில் கடலோரத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மணமேல்குடி, மீமிசல், கட்டுமாவடி என்று பெயர்ப் பட்டியலில் பார்த்தேன். உங்களில் யாராவது இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு எஞ்சின் திறனைக் கூட்டுவது எப்படி என்று தலைப்பு வைத்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். சின்னப் படகை நாலு நாள் ஐஸோடு கடலில் வைத்திருக்க என்ன வேண்டும், தரையைத் தொடாமல் இறால் பிடிக்க வழி உண்டா, இதைப் பற்றியும் பேசலாம். எனக்கு விடை தெரியாது. துறைத்தலைவர் சம்மதித்தால் மாதம் ஒரு சனிக்கிழமை வருகிறேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அன்று மாலை கப்பல் காங்கேசன்துறையை விட்டுக் கிளம்பியது. எல்லோரும் உள்ளே பாட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டார்கள். மேல்தளத்தில் நானும் அம்மாவும் மட்டும். இருட்டிய பிறகு தண்ணீரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக விளக்குகள் தெரிந்தன. சின்ன விளக்குகள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா திடீரென்று, "இன்னைக்கு என்ன கிழமை?" என்றார்.

வெள்ளிக்கிழமை என்றேன்.

விரலை மடக்கிப் பார்த்தார். "நம்மவங்க நாளைக்குத்தான் வருவாங்க. இது அவங்க விளக்கு" என்றார். குளிர்கிறது, உள்ளே போகலாம் என்று கூப்பிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றார்.